மலாக்காத் தோட்டங்களில் கிறிஸ்துமஸ்

1544 ஆம் ஆண்டில், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே சமயப் பணி ஆற்றிக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார், தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் ஒரு சொற்பிழையைத் திருத்துமாறு பணித்தார். விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்தில், ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் அமைய வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மக்கள் ஓதிக்கொண்டிருந்தனர். ‘வேணும்’ என்பது விருப்பத்தைச் சுட்டுமேயன்றி நம்பிக்கையைச் சுட்டாது. ஆகவே, அவ்விடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இட்டு ஓதுவிக்க வேண்டும் என்பது அம்மடலின் செய்தி. பல்லாயிரவர் அதற்குள் திருமுழுக்குப் பெற்றுவிட்டனர். அவர்கள் நாவில் நம்பிக்கை ஒரு வேண்டுதலாகவே ஒலித்துக்கொண்டிருந்தது!

இப்பிழை நேர்ந்த வகை தமிழாசிரியர் எண்ணிப் பார்க்கத்தக்கது. சவேரியார் நவார் நாட்டவர். அவர்தம் தாய்மொழி பாஸ்கு. 1542 இல் கோவாவில் வந்திறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ்க் கடற்கரைக்கு வந்தார். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை அருகே இருத்திக்கொண்டு, சில மாதங்கள் அரிதின் முயன்று, செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்குவித்தார். ஆக்கியவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். பொருள் முற்றும் விளங்கிய பின்னரே வாய் திறப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை. அவ்விரைவில் பிழையும் உடன்வந்தது. பிழையென்று தெரிந்தவுடன் அதைத் திருத்தவும் தயங்கவில்லை என்பதுதான் அவரிடம் போற்றத்தக்கது.

அவர் அடுத்த ஆண்டு மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிய பின், கடல் கடந்து மலாக்காவுக்கு வந்தார். 1545 செப்டம்பர் இறுதியில் வந்து, 1546 சனவரி முதல் நாள் அம்போன் தீவுக்குக் கப்பலேறினார். எனவே, 1545 ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விழாவை அவர் கழித்தது மலாக்காவிலேயாம். தமிழ் நாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் இங்குக் கழித்த கிறிஸ்துமஸ் என வரலாற்றில் நாள் குறித்துச் சொல்லத்தக்கவற்றுள் இது மிகப் பழைமையான ஒன்று. வந்தவர் தமிழரல்லர், ஆயினும் அவர் பையில் இருந்த ஓலைகளும் நாவில் இருந்த செபங்களும் தமிழின. இங்கு வந்தும் அவர் செய்தது அதே பணியைத்தான். முன்பு தமிழில் ஆக்கியவற்றை மலாய் மொழியில் ஆக்குவிக்க முயன்றார். இரவு வேளைகளில் மணியடித்துக்கொண்டு தெருவழியே செல்வதும் அவர் வழக்கமாயிற்று.

அக்கால மலாக்காவில் தமிழர் இல்லாமல் இல்லை. சுல்தான்களின் ஆட்சியிலேயே தமிழ் வணிகர் இங்குச் செல்வாக்குற்றிருந்தனர். 1511 இல் அல்புகர்க்கு நகரைக் கைப்பற்றிய பின், இந்து வணிகரான நைனா செட்டு என்பவரைப் போர்த்துகீசியர் இங்கிருந்த முஸ்லிமல்லாத குடிகளுக்குத் தலைவராக்கினர். அவர் 1514 இல் அப்பதவியை இழக்க நேர்ந்தபோது தீப்பாய்ந்து உயிர் துறந்தார் என்பது வரலாறு. ஆட்சியாளரின் சமயம் அவரைத் தொடவில்லை. இன்றும் மலாக்காச் செட்டிகள் எனப்படும் தொல்குடியினர், தமிழை மறந்து மலாய் பேசினாலும், சைவ நெறியை விடாது காத்து வருகின்றனர். 1781 இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அதற்குச் சான்று. மொழியைப் பறிகொடுத்துச் சமயத்தைக் காத்த குடி அது. தோட்டத்துக் கிறித்தவத் தமிழரின் வரலாறு இதற்கு நேர்மாறானது. சமயம் மாறியபின்னும் மொழியை விடாதவர்கள் அவர்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண்பது மலாக்காவில் மட்டுமே வாய்க்கும் வாய்ப்பாகும்.

1641 இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். அத்தடை தளர்ந்த பின் 1710 இல் எழுந்தது புனித பேதுரு ஆலயம். டச்சுக்காரர் தமக்கெனக் கட்டிய கிறிஸ்து ஆலயம் 1753 இல் நிறைவுற்றது. ஆங்கிலேயர் காலத்தில், 1838 இல், அது ஆங்கிலிக்கன் ஆலயமாயிற்று. இவையெல்லாம் நகரத்தின் கதைகள். ஆளவந்தவர் தமக்காகத் தம் மொழியில் கொண்டாடிய கிறிஸ்துமஸ் அது. பிறருடன் பகிரும் எண்ணம் அதில் மிகுதியாக இருந்ததெனச் சொல்வதற்கில்லை.

பகிரும் எண்ணத்தோடு வந்தவர் வில்லியம் மில்ன். இலண்டன் மிஷன் சங்கத்தவரான அவர் 1815 இல் இங்கு வந்து, அச்சகம் நிறுவினார். 1818 இல் ஆங்கிலச் சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. மலாய் மொழியில் பணியாற்ற வந்தவர் தாம்சன். இவர்களுக்கு மலாய் கற்பித்தவர் முன்ஷி அப்துல்லா. அரபு மரபும் தமிழ் மரபும் கலந்த குடியில் மலாக்காவில் பிறந்த அப்துல்லா, சிறு வயதில் தமிழும் கற்றவர். மலாக்காவின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்கிற்காகத் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்று அவர் தம் ‘ஹிக்காயத் அப்துல்லா’ நூலில் எழுதியுள்ளார். இன்றைய மாணவர் இச்செய்தியைப் படித்தால் வியப்படைவர்.

அப்துல்லா இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். ஆயினும் விவிலிய மொழிபெயர்ப்பில் அவர்களுக்குத் துணை நின்றார். தாம்சனின் மலாய், சொல்லால் மலாயாக இருந்தாலும் அமைப்பால் ஆங்கிலமாகவே இருக்கிறது என்பது அவர் குறை. எடுத்துச் சொன்னாலும் தாம்சன் ஏற்பதில்லை என்று அவர் மனம் நொந்து எழுதுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சவேரியார் ஒரே சொல்லைத் திருத்த மடல் எழுதினார். தாம்சனோ ஆசிரியர் அருகில் அமர்ந்து சொல்லியும் திருத்த மறுத்தார். அயல்நாட்டில் வாழ்ந்துகொண்டு தன் நம்பிக்கையைப் பிறரோடு பகிர விழைபவர் இவ்விருவருள் எவரைப் போன்றவர் என்பதைப் பொறுத்தே கேட்போர் செவி திறக்கும், அன்றேல் மூடும்.

1849 இல் புனித சவேரியார் ஆலயத்தைக் கட்டத் தொடங்கிய பிரெஞ்சுக் குரு பாவ்ரே, மலாய் மொழியை ஆழ்ந்து கற்றுப் பின்னாளில் மலாய் பிரெஞ்சு அகராதி ஒன்றையே ஆக்கியவர். அவரையும் இவ்வரிசையில் நினைக்க வேண்டும். 1888 இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் அமைக்கப்பட்ட காலத்தில், பிரெஞ்சுக் குருக்கள் தமிழும் கற்கத் தொடங்கியிருந்தனர். பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கெனக் குடியேற்றம் அமைத்த குரு பே, பின்னர் இம்மறைமாவட்டத்தின் ஆயரானார்.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். 1896 இல் மலாக்காச் சீனரான தான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக ரப்பர் மரத்தை வாணிக முறையில் பயிரிட்டார். அதன்பின் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் ஆகிய வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர் நிரைகள் எழுந்தன. பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் ஆயிரமாயிரமாய் வந்தனர். சஞ்சி முறை 1910 இல் முடிவுற்றது. கங்காணி முறை, உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938 இல் தடுக்கும்வரை நீடித்தது.

கங்காணி முறையில் ஓர் இயல்பு உண்டு. கங்காணி தன் ஊருக்கே சென்று, தன் உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவான். ஆகவே ஒரு தோட்டத்தின் லயங்களில் ஒரே ஊர்க்காரர் கூட்டமாக வாழ்ந்தனர். இதனால்தான் ஒரு தோட்டத்தில் கிறித்தவக் குடும்பங்கள் பல இருக்கும்; இரண்டு கல் தொலைவிலுள்ள அடுத்த தோட்டத்தில் ஒன்றுகூட இராது. தஞ்சை, திருச்சி, புதுவை வட்டாரங்களிலிருந்து கத்தோலிக்கரும், தரங்கம்பாடிச் சபை வழிவந்த லுத்தரன்களும், திருநெல்வேலிப் பகுதியைச் சார்ந்த சீர்திருத்தச் சபையினரும் இவ்வாறு வந்து சேர்ந்தனர். எனினும் தோட்டத் தமிழருள் கிறித்தவர் என்றும் சிறுபான்மையினரே. 2010 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலேசிய இந்தியருள் இந்துக்கள் 86.2 விழுக்காட்டினர், கிறித்தவர் 6 விழுக்காட்டினர். தோட்டத்திற்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் இருந்தது. தேவாலயம் இருந்த தோட்டங்கள் மிகச் சில.

ஈண்டு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே தோட்டத்தில் மற்றொரு கிறித்தவரும் அயல்நாட்டவராக வாழ்ந்தார், அவர்தாம் துரை. குன்றின்மேல் அவர் பங்களா. பள்ளத்தில் தொழிலாளர் லயம். இருவரும் கடல் கடந்து வந்தவர்கள். இருவரும் டிசம்பர் 25 ஆம் நாளைத் திருநாளாகக் கொள்பவர்கள். ஆயினும் துரை கிறிஸ்துமஸ் இரவைக் கிளப்பில் தம் இனத்தாரோடு கழித்தார். தொழிலாளி எண்ணெய் விளக்கொளியில் தன் லயத்தாரோடு கழித்தான். அரைக்கல் தொலைவில் இரண்டு கிறிஸ்துமஸ்! இடையில் நின்ற கிராணிமார்களுள் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளுமாகக் கிறித்தவர் சிலர் இருந்தனர். அவர்கள் ஆங்கில ஆராதனைக்குச் செல்வதையே பெருமையாகக் கொண்டனர். சாதி வேறுபாடும் கப்பலில் உடன்வந்து கோயிலுக்குள் நுழைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. சமயத்தைத் தமிழ்த் தொழிலாளியிடம் கொண்டு சேர்த்தது ஆளும் இனத்தின் சமயம் என்ற பெருமையன்று; அவனைப் போலவே கூலிக்கு வந்த மற்றொரு தமிழனின் குரலே.

அந்தக் குரல் பெரும்பாலும் உபதேசியாருடையது. குரு நகரத்தில் இருப்பார். பல தோட்டங்களை அவர் ஒருவரே கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறையோ இருமாதத்திற்கு ஒருமுறையோதான் தோட்டத்திற்கு வர இயலும். மற்ற நாள்களில் செபம் நடத்தியவர், எழுத்தறிவுடைய ஒருவர். சில இடங்களில் அவர் சபையால் அமர்த்தப்பட்ட உபதேசியார். சில இடங்களில் பால் வெட்டும் தொழிலாளியே. இன்னும் சில இடங்களில் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர். ஊருக்குக் கடிதம் எழுதித் தருபவரும், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுபவரும் அவரே. இந்துக் குடும்பத்தாரும் அவரை நாடி வந்தனர். துயரச் செய்தி தாங்கிய கடிதத்தை யார் வாயால் கேட்டார்களோ அவர் வாயால் வந்த செபத்தையும் அவர்கள் மதித்தனர்.

கிறிஸ்துமஸ் வந்தால் தோட்டத்தில் முதலில் எழுவது நட்சத்திரம். மூங்கிலைப் பிளந்து கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, வாசலில் தொங்கவிடுவர். குடில் அமைக்க வைக்கோல் கிடைக்காது. ரப்பர்க் காட்டில் நெல் ஏது? லாலான் புல்லை அறுத்து உலர்த்திக் கூரை வேய்வர். பெத்லகேமின் தொழுவத்தை மலாக்காவின் களைப்புல் மூடியது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேய நாட்டைத் தமிழ்நாட்டு மலையும் ஆறும் வயலுமாகப் பாடிக் காட்டினார்; எழுத்தறியாத் தொழிலாளி அதே செயலைத் தான் அறியாமலேயே செய்தான்.

ஆண்டிறுதி மழைக்காலம் தொழிலாளிக்கு இடர் நிறைந்தது. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டு இல்லையெனில் கூலி இல்லை. இந்து நண்பனுக்குத் தீபாவளிக் கடன் தீராத காலத்தில்தான் கிறித்தவனுக்குத் திருநாள் வரும். ஒருவர் மற்றவரிடம் கைமாற்றுக் கேட்கவும் வழியில்லை. ஆயினும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, நெய் உருண்டை ஆகியவற்றைச் செய்ய அடுத்த வீட்டு இந்துப் பெண்களே வந்து கைகொடுப்பர். முறுக்கு பிழிய வந்தவள் தன் வீட்டுத் திருநாளுக்கும் கிறித்தவப் பெண்ணை அழைத்திருப்பாள். திருநாளன்று தட்டில் பலகாரம் அடுக்கித் துணியால் மூடிப் பிள்ளைகள் கையில் கொடுத்து லயம் முழுதும் அனுப்புவர். தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. ஒரு பிடிச் சர்க்கரையோ இரண்டு பழமோ அதில் இருக்கும்.

இக்கொடுக்கல் வாங்கலில் ஒரு சிக்கலும் இருந்தது. இந்துக்கள் கிறிஸ்துமஸ் பலகாரத்தைத் தயக்கமின்றி உண்டனர். கிறித்தவர் சிலரோ, சாமிக்குப் படைத்த உணவை உண்ணலாகாது என்னும் உபதேசத்திற்கு அஞ்சி, தீபாவளித் தட்டைப் பெறத் தயங்கினர். இது மனத்தைப் புண்படுத்தும் செயலே. ஆனால் தோட்டத்து இல்லத்தரசிகள் இதற்கு ஒரு வழி கண்டனர். படைப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடுவர்; “படைக்கிறதுக்கு முன்னாலயே எடுத்து வச்சது” என்று சொல்லிக் கொடுப்பர். வாங்குபவளும் மகிழ்வாள். இறையியல் அறிஞர் மாநாடு கூட்டித் தீர்க்க வேண்டிய ஒன்றை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அடுப்பங்கரையில் தீர்த்துவிட்டனர். தோட்டப்புறச் சமயப் பொறையின் வரலாற்றை எழுதுவோர் இதைக் குறிப்பிட மறக்கலாகாது.

கிறிஸ்துமசுக்கு முந்திய இரவுகளில் பாடற்குழு புறப்படும். விளக்கை ஒருவர் தூக்கிச் செல்ல, ஆர்மோனியமும் மத்தளமும் கஞ்சிராவும் தாளமும் பின்தொடர, லயம் லயமாகச் சென்று பாடுவர். அவர்கள் பாடியவை தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் மரபில் வந்த கீர்த்தனைகள். 1774 இல் பிறந்து 1864 இல் மறைந்த அவர், ஐரோப்பிய இராகங்களுக்குத் தமிழ்ச் சொற்களை நெருக்கி அடைப்பதை விட்டு, தமிழிசை மரபிலேயே கிறித்தவப் பாடல்களைப் பாடினார். அதனால் விளைந்த நன்மை தோட்டத்தில் தெரிந்தது. லயத்து இந்துக்களுக்கு அந்த இராகங்கள் புதியன அல்ல. கோயில் பசனையில் கேட்டவையே. மத்தளம் அடிக்கக் கிறித்தவ இளைஞர் இல்லையெனில், மாரியம்மன் கோயில் பசனைக் குழுவிலிருந்து ஒருவர் வந்து அடிப்பதுண்டு. பாடலின் பொருள் அவர் நம்பிக்கையாக மாறிற்றா என்பது வேறு. ஆனால் அப்பாடல் அவருக்கு விளங்கிற்று.

ஆயின் நகரத்து ஆலயத்தில் நிலைமை வேறாக இருந்தது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்காகத் தோட்டத்துக் கத்தோலிக்கர் மாட்டு வண்டியிலும் பின்னாளில் லாரியிலுமாகப் பல கல் தொலைவு வந்தனர். குழந்தைகள் மடியில் உறங்கின. அங்கே பீடத்தில் ஒலித்தது இலத்தீன். குரு மக்களுக்கு முதுகு காட்டி நின்று ஓத, மக்கள் தத்தம் செபமாலையை உருட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர். தமிழ்ப் பாடல்களுக்கு மட்டும் இடம் இருந்தது. அவையே அவர்களுக்குத் திருப்பலியாயின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தால் இந்நிலை மாறியது. அதன்பின் சில ஆண்டுகளில் திருப்பலி தமிழில் நடைபெறத் தொடங்கிற்று. சவேரியார் 1544 இல் ஒரே சொல்லுக்காகத் தொடங்கிய திருத்தம், நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரே பீடம்வரை சென்றடைந்தது என்று கூறினால் மிகையாகாது. சீர்திருத்தச் சபையினர் இவ்வகையில் முந்திக்கொண்டனர். சீகன்பால்கு 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவர் வழிவந்த லுத்தரன் தமிழர் 1924 இல் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்சில் சீயோன் ஆலயத்தைக் கட்டினர்; அவர்கள் வழிபாடு தமிழிலேயே நிகழ்ந்தது.

இடையில் வந்த போர் ஒரு கடும் சோதனை. 1941 டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் சப்பானியர் தரையிறங்கினர். அம்மாதத்திற்குள்ளாகவே பினாங்கு வீழ்ந்தது. மலாக்காத் தோட்டங்களில் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் விளக்கேற்ற அஞ்சிய காலம். சில வாரங்களில் மலாக்காவும் அவர்கள் வசமாயிற்று. துரைமார் ஓடினர், அன்றேல் சிறைப்பட்டனர். ஆங்கிலேயக் குருக்களுக்கும் சிறையே. பின்னர்ச் சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டத் தமிழரை வாரிக்கொண்டு போயினர். போனவருள் மிகப் பலர் திரும்பவில்லை. இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் ஒரே காட்டில் மாண்டனர். தோட்டத்தில் எஞ்சிய பெண்களோடும் பிள்ளைகளோடும் செபம் நடத்தியவர் எவர்? அயல்நாட்டுக் குருவா? அவர் இல்லை. உபதேசியாரும், அவரும் சயாமுக்குப் போயிருந்தால் அவர் மனைவியுமே. மரவள்ளிக்கிழங்கே விருந்தாக வந்த கிறிஸ்துமஸ்கள் அவை. மேலைநாட்டார் கை இல்லாவிடின் இச்சமயம் இங்கு நில்லாது என்று எண்ணியோர் எண்ணம் அம்மூன்றரை ஆண்டுகளில் பொய்த்தது.

விடுதலைக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. 1969 ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமாக்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தமிழர் நாடு திரும்பினர். ரஜுலா கப்பலில் வந்தவர் அதே கப்பலில் சென்றனர். அயல்நாட்டுச் சமயப் பணியாளர் தங்கும் காலத்திற்கும் 1960களின் பிற்பகுதியில் பத்தாண்டு வரம்பு விதிக்கப்பட்டது. திருச்சபையார் அன்று இதைப் பேரிடராகக் கருதினர். ஆனால் இம்மண்ணில் பிறந்த தமிழ்க் குருமாரும் போதகரும் உருவாக அதுவே காரணமாயிற்று. 1972 இல் மலாக்கா ஜொகூர் மறைமாவட்டம் தனியாக அமைந்தது. மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழர்க்கெனத் தனி ஆண்டு மாநாடு செயற்படுகிறது.

பகிர்தல் என்னும் சொல்லின் பொருளும் இந்நாட்டில் தனி உருக்கொண்டது. கூட்டரசு அரசியலமைப்பின் 11 ஆம் பிரிவு சமய உரிமையை வழங்குவதோடு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றவும் இடமளிக்கிறது. மலாக்கா மாநிலம் 1988 இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. எனவே மலாய் அண்டை வீட்டாருடன் கிறித்தவர் பகிர்வது உபதேசத்தை அன்று, விருந்தை. திறந்த இல்ல உபசரிப்பு என்று இன்று எல்லாரும் சொல்லும் வழக்கம் இது. அன்று கோழியை முஸ்லிம் கடையில் வாங்குவர். தனிச் சட்டியில் சமைப்பர். சிலர் உணவு சமைக்கும் பொறுப்பையே மலாய் நண்பரிடம் ஒப்படைத்து விடுவர். படைக்கும் முன் பலகாரத்தை எடுத்து வைத்த இந்துப் பெண்ணின் நயத்தக்க நாகரிகத்தை, அவளிடமிருந்து பெற்றவள் மற்றோர் அண்டை வீட்டாருக்கு இப்படித் திருப்பிச் செலுத்துகிறாள்.

இன்று மலாக்காத் தோட்டங்களின் முகம் மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. லயங்கள் வெறுமையாயின, அவற்றுள் சிலவற்றில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வாழ்கின்றனர். தமிழர் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளிலும் குடியேறினர். கிறிஸ்துமஸ் இரவில் அவர்கள் பிள்ளைகள் உஜோங் பாசிர்ப் போர்த்துகீசியக் குடியிருப்பின் விளக்கலங்காரத்தைக் காணச் செல்கின்றனர். நகரத்துப் பிள்ளைகளுள் சிலருக்குத் தமிழ்க் கீர்த்தனை கடினமாகி, ஆங்கில ஆராதனை எளிதாகிவிட்டது. தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத கிறித்தவக் குழந்தை கோயிலில் தமிழ்ச் செபத்தைப் புரியாமல் ஒப்பிப்பதைக் காண நேர்ந்தால், 1544 ஆம் ஆண்டு மடல் நினைவுக்கு வராமல் போகாது. அன்று பிழை செய்தவர் அயலார். இன்று பிழை செய்வது நம் வீட்டுப் பிள்ளை.

மற்றொரு மாற்றமும் காணக்கிடக்கிறது. உணவகங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வரும் இளைஞர்கள் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் திரும்ப வேண்டியவர்கள். அவர்களுள் கிறித்தவராய் உள்ளோர், விடுமுறை வாய்த்தால், கிறிஸ்துமஸ் இரவில் தமிழ்த் திருப்பலியைத் தேடி நகரத்து ஆலயத்திற்கு வருகின்றனர். கடைசி வரிசையில் நிற்கின்றனர். பாடல் தொடங்கியதும் முன்வரிசையினரைவிட உரக்கப் பாடுகின்றனர். திருப்பலி முடிந்தபின் அவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் சில உள்ளன. அழைப்பவர்களின் பாட்டனார் ஒரு காலத்தில் அவ்வாறு கடைசி வரிசையில் நின்றவரே.

புனித பவுல் குன்றின்மேல் பாழடைந்த ஆலயச் சுவர்களுக்கு நடுவே, கம்பியிட்டு மூடிய வெறுங்குழி ஒன்று உண்டு. 1552 டிசம்பர் 3 ஆம் நாள் சீனக் கரையோரத் தீவில் மறைந்த சவேரியாரின் உடல், 1553 இல் இங்குச் சில மாதங்கள் கிடந்து, பின் கோவாவுக்குச் சென்றது. வெளியே நிற்கும் வெண்ணிறச் சிலைக்கு வலக்கை இல்லை. மரம் விழுந்து முறிந்ததென்பர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குன்றேறி வரும் தமிழ்க் குடும்பங்கள் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. கை ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்கின்றனர். மணியடித்துக்கொண்டு தெருவில் சென்ற கை என்று சொல்லிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. அந்தப் பதிலைத் தமிழில் சொல்கின்றனர்.